ஏரி நிரம்புச்சு, வாத்து எங்க போச்சு? சேலம் குளிர்கால பறவைக் கணக்கெடுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்துல ஏரி எல்லாம் கரை தொட்டு நின்ன வருஷம் அது. கன்னங்குறிச்சி புது ஏரி வழிஞ்சு ஓடுது, மூக்கனேரில தீவு மண்மேடெல்லாம் முக்காவாசி முங்கிடுச்சு, மரம் மட்டும் வெளிய தெரியுது. இவ்ளோ தண்ணி கெடக்கு, இந்த வாட்டி குளிர்கால கவுண்ட்ல பறவை அள்ளும்னு தான் எங்க பறவை பாக்குற கிளப்ல பேச்சு. கவுண்ட் முடிஞ்சு ஷீட்டெல்லாம் ஒண்ணா வெச்சுப் பாத்தா ஏரிப்பக்கம் போன டீம் அத்தனையிலயும் வாத்து கிட்டத்தட்ட சைபர், சேத்துல மேயுற உள்ளான் வகையறா விரல் விட்டு எண்ணிடலாம், ஆனா நீர்க்காகம் மட்டும் எக்கச்சக்கம். ஏற்காடு மேல போன டீம்ல ஒண்ணு மூடுபனில மாட்டிக்கிட்டு ரூட்டையே முடிக்காம எறங்கிடுச்சு. அதுக்குள்ள ஒரு லோக்கல் பேப்பர்ல வலசைப் பறவை வரத்து சரிஞ்சு போச்சுன்னு பெட்டிச் செய்தி வேற, கூட எங்க கிளப் ஆள் சொன்னதா ஒரு வரி. அவர் சொன்னது ஒண்ணு, அவங்க போட்டது ஒண்ணு.

பறவை கொறஞ்சுதா இல்ல எங்க கண்ணுல படுறது தான் கொறஞ்சுதா, இதான் கேள்வி. கேக்க சின்ன கேள்வி மாதிரி இருக்கு, ஆனா இதுக்கு பதில் தேடப் போய் தான் எங்க ஷீட்டயே மாத்த வேண்டியதாச்சு. அந்தக் கதைய முழுசா எழுதி வெக்கலாம்னு தான் இது, ஏன்னா பல ஊர்லயும் இதே மாதிரி சின்ன கிளப்புங்க வருஷா வருஷம் எண்ணுறாங்க, அவங்களுக்கும் இதே குழப்பம் வரும்.

எப்படி எண்ணுறோம்

குளிர்காலத்துல கூட்டமா கெளம்பிப் போய் பறவை எண்ணுற பழக்கம் அமெரிக்கால 1900 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி அங்க கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு துப்பாக்கி எடுத்துட்டுப் போய் யாரு அதிகமா சுடுறாங்கன்னு போட்டி போடுவாங்களாம். ஃப்ராங்க் சாப்மன்னு ஒரு பறவை ஆய்வாளர், சுடுறதுக்கு பதிலா எண்ணுவோம்னு சொல்லி 27 பேர வெச்சு 25 இடத்துல ஆரம்பிச்சாரு. இன்னிக்கும் அவங்க 15 மைல் குறுக்களவு வட்டம் போட்டு அதுக்குள்ள தான் எண்ணுறாங்க. நம்ம பக்கம் 1987ல இருந்து ஜனவரி மாசம் ஆசிய நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்குது, தமிழ்நாட்டுல 2015ல இருந்து பொங்கல் பறவை கணக்கெடுப்பு இருக்கு, வனத்துறையும் தனியா நடத்துறாங்க. எங்க கவுண்ட் இதுங்களோட சேர்ந்தும் சேராமயும் ஓடுற ஒண்ணு. பெரிய கணக்குக்கு வேண்டியத ஈபேர்ட்ங்கற பறவைப் பதிவு வெப்சைட்ல ஏத்திடுவோம், எங்க நோட்டுக்கு வேண்டியத தனியா எழுதிக்குவோம்.

வட்டமெல்லாம் போடல. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குள்ள இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர் பக்கம், நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. ஒரே காலையில ஏரி, அடிவாரத்து முள்ளுக்காடு, மலைச்சரிவு, காபித் தோட்டம்னு நாலு வேற வேற உலகம் பாத்துடலாம், இந்த வசதி எல்லா ஊருக்கும் கெடைக்காது. அதனால ரூட்டயும் அப்படியே பிரிச்சிருக்கோம்: டவுனச் சுத்தி மூக்கனேரி, புது ஏரி, குமரகிரி, தெக்க பனமரத்துப்பட்டி, அடிவாரத்துல குரும்பப்பட்டி பக்கத்து முள்ளுக்காடு, அப்புறம் ஏற்காடு ஏறுற காட் ரோட்டு ஓரம், மேல எஸ்டேட் ரூட். ஆளுங்கன்னு பாத்தா உருக்காலைல ரிட்டயர் ஆனவங்க ரெண்டு பேரு, காலேஜ் பசங்க கொஞ்சம், ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர், காபி எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருக்குற அண்ணன் ஒருத்தர், செவ்வாப்பேட்டைல மளிகைக் கடை வெச்சிருக்குறவர். மளிகைக்கடைக்காரர் தான் கூட்டத்த எண்ணுறதுல கில்லாடி, கணக்கு அவருக்கு ரத்தத்துலயே ஓடுது போல.

மூக்கனேரி

மூக்கனேரிக்கு ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலைச்சரிவுல இருந்து தான் தண்ணி வருது. 2010 வாக்குல சேலம் மக்கள் குழு இந்த ஏரிய கையில எடுத்து, அடியில இருந்து அள்ளுன மண்ணயே உள்ள குமிச்சு தீவு தீவா ஆக்கி மரம் வெச்சாங்க, இன்னிக்கு அந்த மரத்துல தான் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் ராத்திரி அடையுது. அதனால விடியறதுக்கு முன்னாடியே கரையில நின்னா தான் இங்க கணக்கு சரியா வரும், வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துலயே பாதி கூட்டம் கெளம்பிப் போயிடும்.

அன்னிக்கு விடியக்காலைல நல்ல பனி. தண்ணி மேல ஆவி மாதிரி கெடக்கு, ஸ்கோப்ப வெச்சா லென்ஸ் மங்குது, துண்டால தொடச்சுட்டே இருக்கணும். மொதல்ல வக்கா தீவுக்கு திரும்பி வருது, அது ராத்திரி மேஞ்சுட்டு காலைல வீடு திரும்புற ஜாதி. அது உள்ள வர வர உண்ணிக்கொக்கும் சின்ன நீர்க்காகமும் வெளிய கெளம்புது. இந்த நேரத்துல எண்ணுறதுக்கு ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் கண்ண எடுக்காம பாத்து சொல்லணும், இன்னொருத்தர் எழுதணும். கையில அமுக்குற கவுண்டர் இருந்தாலும் கூட்டமா பறக்குறப்ப ஒண்ணொண்ணா அமுக்குறது வேலைக்கு ஆவாது. மொதல்ல பத்து எவ்ளோ எடம் அடைக்குதுன்னு பாத்துக்கணும், அப்புறம் அந்த அளவ வெச்சு கூட்டத்த பத்து பத்தா வெட்டிக்கிட்டே போகணும். தண்ணில மெதக்குற கூட்டத்துக்கும் இதே தான், ஆனா நாமக்கோழியும் முக்குளிப்பானும் சோதிக்கும். எண்ணிட்டு இருக்குறப்பவே அஞ்சு முங்கும், வேற எடத்துல ஏழு எழும்பும், அதுல எது பழசு எது புதுசு? மூணு தடவ எண்ணி நடுவுல வர்றத எழுதுங்கன்னு மளிகைக்கடை அண்ணன் சொல்லுவாரு.

வாத்துக்கு போவோம். வழக்கமா ஜனவரில இங்க தெக்கு மூலைல ஆழம் கம்மியான எடத்துல நீலச்சிறகியோ ஊசிவால் வாத்தோ கொஞ்சமாவது நிக்கும், தட்டைவாயன் சில வருஷம் வரும். அன்னிக்கு அந்த மூலைல தண்ணி கரைக்கல்ல தொட்டு தளும்புது, ஒரு வாத்து இல்ல. நோட்டு வெச்சிருந்த காலேஜ் பொண்ணு அந்த வரிய காலியா விட்டுட்டு அடுத்ததுக்கு போச்சு.

"ஏம்மா அத விட்டுட்ட?"

"ஒண்ணுமே இல்லயே சார், என்னத்த எழுதுறது?"

"சைபர் போடு. காலியா விட்டா நாம பாக்கலன்னு அர்த்தம். சைபர் போட்டா போய் நின்னு பாத்தோம், இல்லன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

ஹெட்மாஸ்டர் இத எல்லா வருஷமும் யாராவது புதுசா வர்றவங்க கிட்ட சொல்லுவாரு. இந்த வருஷம் தான் அது எவ்ளோ முக்கியம்னு எல்லாருக்கும் உறைச்சுது. பழைய ஷீட்டுங்கள எடுத்துப் பாத்தப்ப நெறைய எடத்துல வாத்து வரி காலியா கெடந்துச்சு, அது சைபரா இல்ல அந்தப் பக்கம் யாரும் போகலயா, இப்ப யாரக் கேக்குறது.

வரல்லன்னு சொல்லிட முடியுமா

மீட்டிங்ல மொதல்ல வந்த விளக்கம் எல்லாரும் சொல்றது தான், வடக்க இருந்து வரவே இல்ல, பருவநிலை மாறிடுச்சு, அங்க என்னமோ நடக்குது. இருக்கலாம். ஆனா எங்க கையில இருந்த கணக்கே அதுக்கு ஒத்து வரல. வலசை வர்ற பறவை வாத்து மட்டுமா? பழுப்புக் கீச்சான் வழக்கமா உக்கார்ற வேலி முள்ளுல உக்காந்திருந்துச்சு, பச்சைக் கதிர்க்குருவி ஒவ்வொரு பெரிய மரத்துலயும் ச்சிவீ ச்சிவீன்னு கத்திட்டு இருந்துச்சு, சாம்பல் வாலாட்டி மலை ஓடையில எல்லா பாலத்துக்கிட்டயும் இருந்துச்சு, தகைவிலான் கரண்ட் கம்பில வரிசை கட்டி உக்காந்திருந்துச்சு. இதுங்களும் இமயமலை, சைபீரியா, மத்திய ஆசியான்னு எங்கெங்கயோ இருந்து வர்றது தான். தரைல வர்றது எல்லாம் வழக்கம் போல வந்திருக்கு, தண்ணில எறங்குறது மட்டும் காணோம்.

இன்னும் பெரிய துப்பு வேற ஒண்ணு. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் எங்கயும் வலசை போறது இல்ல, வருஷம் பூரா நம்ம ஊர்லயே கெடக்குற ஜாதி. அதுவும் பெரிய ஏரிங்கள்ல கொறஞ்சு தான் இருந்துச்சு. சைபீரியால ஏதோ ஆச்சுன்னா நம்மூர் வாத்து ஏன் கொறையணும்? அப்ப காரணம் இங்க தான் இருக்கு, ஏரில தான் இருக்கு.

விஷயம் தண்ணியோட ஆழம். நீலச்சிறகி, ஊசிவால், தட்டைவாயன், புள்ளிமூக்கு இதெல்லாம் முங்கித் தீனி எடுக்குற வாத்து இல்ல. மேல மெதந்துக்கிட்டே அலகால சலிக்கும், இல்ல தலைய கவுத்து வால மேல தூக்கி கழுத்து எட்டுற வரைக்கும் அடியில மேயும். அதுக்கு ஒரு முழத் தண்ணி போதும், ரெண்டு ஆள் ஆழத்துல அதுக்கு ஒண்ணும் கெடைக்காது. உள்ளான் வகையறாவுக்கு அது கூட வேணாம், ஈரச் சேறு இருக்கணும், காலு நனையிற தண்ணி இருக்கணும், அவ்ளோ தான். ஏரி கரை தொட்டு நின்னா சேறு எல்லாம் தண்ணிக்கு அடியில. நீர்க்காகமும் முக்குளிப்பானும் முங்கி மீன் பிடிக்கிறதுங்க, அதுங்களுக்கு ஆழம் ஒரு பிரச்சன இல்ல, எங்க ஷீட்டுலயும் அதான் தெரிஞ்சுது.

அதோட இன்னொண்ணு. காஞ்ச வருஷத்துல சுத்துவட்டாரத்துல எல்லா குட்டையும் வத்திப் போய் நாலஞ்சு ஏரில தான் கொஞ்சம் தண்ணி நிக்கும், இருக்குற அத்தனை வாத்தும் அங்க வந்து குவியும், நாங்க போய் அந்த நாலஞ்சு ஏரிய எண்ணிட்டு ஆஹான்னு வருவோம். மழை வருஷத்துல ஒவ்வொரு பள்ளத்துலயும் தண்ணி, நெல்லு வயல்ல தண்ணி, கல்லுக்குவாரிக் குழில தண்ணி. பறவைக்கு எடம் பெருகிடுச்சு, எங்க ரூட் பெருகல. கல்யாண வீட்ல பந்தி ஒண்ணு போட்டா கூட்டம் தெரியும், பத்து எடத்துல போட்டா யாருமே வரல்லன்னு தோணும், கத அதே தான்.

இது விளக்கம் மட்டும் தான், சாட்சி வேணும்ல. அதுக்கு ரெண்டு வேலை பண்ணோம். ஒண்ணு, கவுண்ட் முடிஞ்ச அடுத்த வாரம் பசங்க பைக் எடுத்துட்டு ரூட்டுல இல்லாத எடமா பாத்து சுத்துனாங்க, அயோத்தியாப்பட்டணம் பக்கத்து குட்டைங்க, வீராணம் பக்கம் வயக்காடு, பேரில்லாத பள்ளம். நீலச்சிறகி அங்க இருந்துச்சு, சின்னச் சின்ன கூட்டமா, ஒரு வயல்ல நாலு, ஒரு குட்டைல கொஞ்சம்னு. பொரி உள்ளான் நடவு வயல் வரப்பெல்லாம். வயக்காட்டுக்காரர் ஒருத்தர் என்ன தம்பி தேடுறீங்கன்னு கேட்டு, வாத்துன்னதும் ராத்திரில எறங்குது, விடியறப்ப எழும்பிப் போகுதுன்னு அவரே சொல்லியிருக்காரு. அது கவுண்ட் அன்னிக்கு எண்ணுனது இல்ல, அதனால கவுண்ட் கணக்குல சேர்க்கல, தனியா குறிப்பு போட்டோம். சேர்த்துடலாம்னு ஒருத்தர் ரொம்ப நேரம் வாதாடுனாரு. சேர்த்தா இந்த வருஷ நம்பர் அழகாயிடும், ஆனா போன வருஷத்தோட ஒப்பிட முடியாமப் போயிடும். நம்பர் நல்லா தெரியணும்னு ரூல வளைக்க ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்ல.

ரெண்டாவது, பழைய நோட்டு. முன்னாடி இத நடத்துன பெரியவர் ஒருத்தர் ஒவ்வொரு ஏரிக்கும் பேருக்குப் பக்கத்துல கரை வரைக்கும், பாதி, காஞ்சுன்னு ஒரு வார்த்தை எழுதி வெச்சிருந்தாரு. யாரும் அவர எழுதச் சொல்லல, அவரா எழுதுனது. அவர் எழுதுன வருஷங்கள்ல பாதின்னு இருக்குற எடத்துல தான் வாத்து குவிஞ்சிருக்கு, கரை வரைக்கும்னு இருக்குற வருஷம் மெலிஞ்சிருக்கு. காஞ்சுன்னு எழுதுன பனமரத்துப்பட்டில வாத்தே இல்ல, அதுக்கு பதிலா வானம்பாடி, நெட்டைக்காலி, மேல பூனைப்பருந்து. பனமரத்துப்பட்டி ஒரு காலத்துல சேலம் டவுனுக்கே குடிதண்ணி குடுத்த ஏரி, பல வருஷமா சீமைக்கருவேலம் மண்டிக் கெடந்துச்சு. ஏரின்னு பேர் இருக்குறதுக்காக அங்க வாத்தத் தேடக் கூடாது, அந்த வருஷம் அது பொட்டக்காடு, அங்க பொட்டக்காட்டுப் பறவை தான் இருக்கும். அவர் போனதுக்கப்புறம் வந்த ஷீட்டுங்கள்ல அந்த ஒத்த வார்த்தை இல்ல. அழகா பிரிண்ட் போட்ட ஷீட்டு, கட்டம் எல்லாம் நேரா இருக்கு, தண்ணி எவ்ளோன்னு எழுத எடம் இல்ல.

சேறு கதை வேற

இதோட விட்டிருந்தா மழை வருஷம், பறவை பரவிடுச்சு, கவலை வேணாம்னு முடிச்சிருக்கலாம். பேப்பர்ல போட்டதுக்கு மறுப்பு மாதிரி நல்லாவும் இருந்திருக்கும். ஆனா உள்ளான் கணக்க ஏரி ஏரியா பிரிச்சுப் பாத்தப்ப ஒண்ணு இடிச்சுது.

டவுன் பக்கத்து ஏரி ஒண்ணுல, எது எந்த ஏரின்னு இங்க வேணாம், கரைய செங்குத்தா வெட்டி கருங்கல் பதிச்சு மேல நடைபாதை போட்டிருக்காங்க. பாக்க நீட்டா இருக்கு, காலைல வாக்கிங் போறவங்களுக்கு வசதி, நானே போயிருக்கேன். அந்தக் கல்லுச் சரிவுல சாதா உள்ளான் ஒண்ணு பின்பக்கத்த ஆட்டி ஆட்டி நடந்துட்டு இருந்துச்சு, கல்லு இடுக்குல பூச்சி பொறுக்குது. அதுக்கு கல்லு, கான்க்ரீட் எதுவும் பிரச்சன இல்ல. ஆனா பொரி உள்ளானும் கொசு உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் கல்லுல நின்னு பொழைக்கிற ஜாதி கெடையாது, அதுங்களுக்கு சரிவான மண்ணு கரை வேணும், தண்ணி ஏற ஏற, எறங்க எறங்க சேறும் கூடவே நகரணும். மண்ணு கரை இருக்குற இன்னொரு ஏரில தண்ணி அதே அளவு நெறஞ்சு இருந்தும் ஓரமா ஒரு நாக்கு மாதிரி சேறு மிச்சம் இருந்துச்சு, பொரி உள்ளான் அங்க இருந்துச்சு. கல்லு பதிச்ச ஏரில காஞ்ச வருஷத்து ஷீட்டயும் எடுத்துப் பாத்தோம், வேலை முடிஞ்சதுக்கப்புறம் தண்ணி எறங்குன வருஷத்துலயும் பொரி உள்ளான் திரும்பல.

அதனால ரெண்டு கதையும் கலக்கக் கூடாது. வாத்து கொறஞ்சது தண்ணியால, தண்ணி எறங்குனா வரும், இத நான் தைரியமா சொல்லுவேன். சேத்துல மேயுறது கொறஞ்சது கரையால, அது மழையப் பாத்து வராது. ஒரே ஒரு ஏரி, கொஞ்ச வருஷ கணக்கு, இத வெச்சு அடிச்சு சொல்ல முடியாதுன்னு கிளப்புலயே ரெண்டு பேர் சொன்னாங்க, அது நியாயம் தான். ஆனா அடுத்த ஏரிக்கு கல்லு பதிக்கணும்னு பேச்சு வர்றப்ப ஒரு பக்கமாவது மண்ணுச் சரிவா விடுங்கன்னு கேக்க இந்தக் கணக்கு போதும்னு எனக்குத் தோணுது. மொத்த நம்பர் மட்டும் எழுதி வெச்சிருந்தா இது தெரிஞ்சே இருக்காது, எல்லாத்தயும் மழை மேல போட்டுட்டு டீ குடிச்சுட்டு கலைஞ்சிருப்போம்.

நீர்க்காகம் எக்கச்சக்கம்னு வந்துச்சே, அதுலயும் ஒரு சிக்கல். விடியக்காலைல மூக்கனேரி டீம் எண்ணுன கூட்டமே பறந்து போய் வேற ஏரில எறங்கி அங்க இருந்த டீம் கணக்குலயும் விழுந்திருக்கும். மூக்கனேரில கெளம்புன நேரமும் தெசையும் எழுதியிருந்தாங்க, குமரகிரில வந்து எறங்குன நேரம் எழுதியிருந்தாங்க, ரெண்டும் ஒத்துப் போச்சு. அதனால இப்படி அடையிற பறவைக்கு மட்டும் கூட்டல் போடாம ரெண்டுல எது பெருசோ அத எடுத்துக்கிட்டோம். முன்னாடி வருஷங்கள்ல கூட்டித் தான் போட்டிருக்காங்க, அதத் திருத்த வழி இல்ல, நேரம் எழுதல.

மலைப்பக்கம்

மேல போன டீம் கதை சுருக்கமா சொல்லலாம். காபி எஸ்டேட் ரூட்ல காலைல இருந்து மூடுபனி, பத்தடி தள்ளி இருக்குற சவுக்கு மரம் தெரியல. காதால தான் எண்ணுனாங்க: செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணிக் கூட்டம், எங்கயோ குங்குமப் பூச்சிட்டு. காதால எண்ணுறது தப்பில்ல, காட்டுல பாதி அப்படித் தான், ஆனா கூட்டம் எவ்ளோ பெருசுன்னு காதுக்கு தெரியாது. ரூட்ட பாதில விட்டாங்க. நேரத்தால வகுத்துப் பாத்தா வழக்கத்துக்கு பெருசா கொறயல, மொத்தமா பாத்தா தான் விழுந்த மாதிரி இருக்கு. எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேருன்னு எழுதாத கணக்கு எதுக்கும் ஆகாதுங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் கெடைக்காது. எஸ்டேட்ல நாட்டு மரம் நெழல் இருக்குற பக்கமும் வெறும் சில்வர் ஓக் நட்ட பக்கமும் தனித்தனியா எழுதணும்னு சூப்பர்வைசர் அண்ணன் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காரு, சில்வர் ஓக் ஆஸ்திரேலியால இருந்து வந்த மரம், அதுல நம்ம பறவைக்கு என்ன கெடைக்குதுன்னு பாக்கணும்ங்கறாரு. இன்னும் ஆரம்பிக்கல.

சரிவுப் பக்கம் தான் சூடு. காட் ரோட்டு டீம்ல புதுசா வந்த பையன் மஞ்சள்தொண்டைச் சின்னான் பாத்தேன்னு எழுதியிருந்தான். தீபகற்ப இந்தியாவத் தவிர உலகத்துல எங்கயும் இல்லாத பறவை, அழிய வாய்ப்பு இருக்குற பட்டியல்ல இருக்கு, ஜெர்டான்னு ஒரு பறவை ஆய்வாளர் 1845ல மொதல்ல விவரிச்சது. பாறையும் முள்ளுப்புதரும் கலந்த மலைச்சரிவு தான் அதோட வீடு, சேர்வராயன் மலை அதுக்கு பேர் போன எடம். 1929-30ல கிழக்குத் தொடர்ச்சி மலைல பறவைகள ஆராய்ஞ்ச வெர்னே சர்வேல சேர்வராயன் மலையும் உண்டு. அதனால இங்க இருக்கறது அதிசயம் இல்ல, ஆனா அந்தப் பையன் பாத்தது அதுதானாங்கறது வேற.

அவன் கொண்டு வந்த போட்டோல பறவை முதுகக் காட்டிட்டு புதருக்குள்ள உக்காந்திருக்கு, வாலுக்கு அடியில கொஞ்சம் மஞ்சள் தெரியுது. அங்க தான் பிரச்சன. அதே முள்ளுக்காட்டுல வெண்புருவச் சின்னானும் இருக்கு, அதுக்கும் வாலடி மஞ்சள், அதுவும் புதருக்குள்ள ஒளிஞ்சுட்டு கத்துற ஜாதி. முன்னாடி இருந்து பாத்தா கொழப்பமே இல்ல, ஒண்ணுக்கு தொண்டை பளீர்னு மஞ்சள், தலை பச்சை கலந்த மஞ்சள், வயிறு சாம்பல். இன்னொண்ணுக்கு கண்ணுக்கு மேல வெள்ளக் கோடு. முதுக மட்டும் காட்டுனா யாரு என்ன சொல்ல முடியும். பையன் கிட்ட ஹெட்மாஸ்டர் சுத்திச் சுத்தி கேட்டாரு.

"தலை என்ன கலர் தம்பி?"

"பச்சையா இருந்துச்சு சார், வெயில் படல, நிச்சயமா சொல்ல முடியல."

"புருவம் வெள்ளையா இருந்துச்சா?"

"அதப் பாக்கல சார்."

"பாக்கலன்னு சொன்ன பாரு, அதுவே பெருசு."

அந்தப் பதிவ நீக்கல, உறுதி ஆகாதது பக்கத்துல போட்டோம், மொத்தத்துல சேர்க்கல. ஏதாவது ஒரு குரல் ஒலிப்பதிவு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும், ஃபோன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணாலே போதும். திரும்பிப் போய் குரல் போட்டுக் கூப்பிட்டா வெளிய வருமேன்னு ஒருத்தர் சொன்னாரு, அத மட்டும் மொத ஆளா நான் எதிர்த்தேன். ஃபோன்ல குரல் போட்டு பறவைய இழுக்குறது எங்க கவுண்ட்ல கூடாது. பக்கத்து ஆண் பறவை வந்துடுச்சுன்னு நெனச்சு அது எல்லாத்தயும் விட்டுட்டு சண்டைக்கு ஓடி வரும், ஒரு எடத்துக்கு வர்ற ஒவ்வொரு கேமராக்காரரும் இதப் பண்ணா அது அங்க இருக்குமா. எந்த வளைவுங்கறதயும் அதனால தான் இங்க எழுதல.

என்ன மாத்துனோம்

புது ஷீட்டுல ஒவ்வொரு ஏரிக்கும் தண்ணி அளவுக்கு கட்டம் வந்தாச்சு: கரை வரைக்கும், முக்கா, பாதி, கால், காஞ்சு. கூடவே சேறு தெரியுதா இல்லயான்னு தனிக் கட்டம், கரை மண்ணா கல்லான்னு இன்னொண்ணு. மதகுக்குப் பக்கத்துல ஒரே எடத்துல நின்னு ஒரே தெசைல ஒரு போட்டோ, அது கட்டாயம். ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், நடந்த தூரம் இல்லாத ஷீட்ட வாங்கிக்கறது இல்லன்னு முடிவு. காலிக் கட்டம் கூடாது, போனா சைபர், போகலன்னா கோடு. ஏரி டீம் எல்லாம் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும், கூட்டமா பறந்தா தெசை எழுதணும். பழைய ரூட்ட தொடவே இல்ல, அத மாத்துனா இது வரைக்கும் எழுதுனதெல்லாம் வீண். குட்டைங்களயும் வயலயும் பாக்க பைக்ல ரெண்டு பேர் தனி டீம், அவங்க கணக்கு தனிப் பக்கத்துல.

பேப்பருக்கு அடுத்த தடவ வாயால சொல்றது இல்ல, நாலு வரி எழுதிக் குடுக்குறது, அதுல மொத்த நம்பர் இருக்காது. நம்பர் இல்லன்னா போட மாட்டாங்கன்னு மளிகைக்கடை அண்ணன் சொல்றாரு. போடாட்டி பரவால்லன்னு நான் சொல்றேன், இதுல இன்னும் சண்டை தீரல.

மலை டீமுக்கு தேதி தான் இழுபறி. பொங்கல் லீவுல வெச்சா காணும் பொங்கல் கூட்டம் ஏற்காட்டுக்கு ஏறுது, வளைவுக்கு வளைவு வண்டி, ஹாரன், ஸ்பீக்கர், அதுல எந்தக் குருவிக் குரல் கேக்கும். வார நாள்ல வெக்கலாம்னா காபி பறிப்பு சீசன், எஸ்டேட் பூரா ஆளு, சூப்பர்வைசர் அண்ணனுக்கு லீவு கெடைக்காது, அவர் இல்லாம உள்ள ரூட் யாருக்கும் தெரியாது. கடைசில பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழமைன்னு ஒத்துக்கிட்டாங்க, அன்னிக்கு பனி இருந்தா வெயில் வர்ற வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்கணும், நின்ன நேரத்தயும் எழுதணும்னு ஒரு வரி சேத்து.